லூசி தர்ஸ்டன் வீட்டு மதில்

பட்ரீஷியா கிரிம்ஷா எழுதிய 'பாத்ஸ் ஆஃப் டியூட்டி' 1989ல் ஹவாய் பல்கலைக்கழகப் பதிப்பாக வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியிலிருந்து ஹவாய்த் தீவுகளுக்குப் போன மிஷனரிகளின் மனைவியரைப் பற்றிய ஆய்வு. மிஷன் வரலாறுகளில் இந்தப் பெண்கள் பொதுவாக எங்கே வருவார்கள் தெரியுமா? கணவரின் வாழ்க்கைக் குறிப்பில், பிறந்த தேதிக்கும் இறந்த தேதிக்கும் நடுவே ஒரு வரியாக. 'இன்னாரை மணந்தார்' என்பதோடு சரி. கிரிம்ஷா அந்த ஒரு வரியை எடுத்து விரிக்கிறார். துவைப்பது, சுடுவது, தைப்பது, பெறுவது, புதைப்பது எல்லாம் அதற்குள் வருகின்றன. அவர்கள் எழுதிய நாட்குறிப்புகளும் கடிதங்களும்தான் அவருடைய ஆதாரம்.

நல்ல புத்தகம், சந்தேகமில்லை. ஆனாலும் படித்து முடித்த பிறகு ஒரு கேள்வி விடவில்லை. அதைத்தான் இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் கல்யாணக் கதை. பாஸ்டனில் இருந்த அமெரிக்கன் போர்டு என்ற மிஷன் சங்கம், தூர தேசத்துக்குப் போகும் ஊழியர்கள் கல்யாணம் ஆனவர்களாக இருப்பதையே விரும்பியது. 1819 அக்டோபர் 23ந் தேதி 'தாடியஸ்' கப்பல் பாஸ்டனை விட்டுக் கிளம்பவேண்டும்; செப்டம்பர் பாதியில் ஹைரம் பிங்ஹம், ஏசா தர்ஸ்டன் இருவருக்கும் பெண் கிடைக்கவில்லை. சிபில் மோஸ்லி என்ற பள்ளி ஆசிரியை பிங்ஹமைச் செப்டம்பர் கடைசியில் சந்திக்கிறார், அக்டோபர் 11ல் கல்யாணம். லூசி குடேலுக்குத் தர்ஸ்டனைப் பார்த்து மூன்று வாரம் முடிவதற்குள், அக்டோபர் 12ல், கல்யாணம். நம்ம ஊர் பெண் பார்க்கும் படலமே இதைவிட நிதானமாக நடக்கும்.

இதைப் பழைய புத்தகங்கள் தியாகம் என்று எழுதும். பிற்கால எழுத்தாளர்கள் சிலர் கேலியாக எழுதுவார்கள். கிரிம்ஷா இரண்டும் செய்யவில்லை. இந்தப் பெண்கள் படித்தவர்கள், பலர் ஆசிரியைகளாக வேலை பார்த்தவர்கள், மிஷன் வேலைக்குப் போகவேண்டும் என்ற ஆசை அவர்களுக்கே இருந்தது என்று காட்டுகிறார். தனியாகப் போக வழியில்லை. அதனால் கல்யாணம்தான் கப்பல் சீட்டு. கணவன் யார் என்பது இரண்டாவது கேள்வி. புத்தகத்தின் மிகப் பலமான வாதம் இதுதான். இதை ஒத்துக்கொண்டால்தான் அடுத்து வருவதன் கசப்பு புரியும்: வேலைக்காக வந்தவள் வீட்டில் மாட்டிக்கொண்டாள்.

வீடு என்று எதைச் சொல்வது? ஐந்து மாதத்துக்கு மேல் கடலில் கிடந்து, 1820 மார்ச் கடைசியில் தீவைப் பார்த்து, ஏப்ரலில் கைலுவாவில் இறங்கினார்கள். முதலில் புல் வேய்ந்த குடிசைகள். பிறகு நியூ இங்கிலாந்திலிருந்தே அறுத்து, துளை போட்டு, கப்பலில் ஏற்றி அனுப்பிய மரச் சட்டங்களை வைத்து 1821ல் ஹொனலூலுவில் ஒரு வீடு எழுப்பினார்கள். அந்த வீடு இன்னும் நிற்கிறது, அருங்காட்சியகமாக. பனிக்கும் குளிருக்கும் கணக்குப் போட்டுச் செய்த சின்னச் சின்ன ஜன்னல்களோடு வெப்ப மண்டலத்தில் ஒரு வீடு! அதற்குள் பல குடும்பங்கள் ஒன்றாக. குழந்தைகள், நோயாளிகள், புதிதாகக் கப்பலில் வந்து இடம் கிடைக்காதவர்கள், பேச வந்த அரச குடும்பத்தார், சாப்பிட வந்த கப்பல் கேப்டன்கள்.

அவர்களுக்கு ஆரம்ப காலத்தில் சம்பளம் கிடையாது. எல்லாம் பொதுச் சொத்து. மாவும் துணியும் பாஸ்டனிலிருந்து பீப்பாயில் வரும். லீவை சேம்பர்லெய்ன் என்பவர் கணக்கு வைத்துப் பங்கு பிரித்துக் கொடுப்பார். ஒரு சட்டைத் துணி வேண்டுமென்றாலும் கேட்டு வாங்கவேண்டும். கூட்டுக் குடும்பத்தில் மளிகைச் சாமான் பிரித்த அனுபவம் உள்ளவர்களுக்கு இதில் என்னென்ன சண்டை வரும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. முதல் குழுவில் வந்த டாக்டர் ஹோல்மன் இந்த ஏற்பாட்டோடு ஒத்துப்போகாமல் சீக்கிரமே மிஷனை விட்டு விலக்கப்பட்டார். அவர் மனைவி லூசியா எழுதிய சின்ன நாட்குறிப்பு ஒன்று 1931ல் அச்சானது. மிஷன் பதிவுகள் பெரும்பாலும் அந்தத் தம்பதிக்கு எதிராகவே பேசுவதால், அந்தச் சின்ன நாட்குறிப்பைக் கூடவே வைத்துப் படிப்பது நல்லது.

ரொட்டி ஒரு தனிப் பிரச்சினை. கண் முன்னால் சேம்பு விளைகிறது. அதை வேகவைத்து இடித்துச் செய்யும் 'போய்' என்ற களிதான் ஊருக்கே சாப்பாடு. இவர்களுக்கோ கோதுமை ரொட்டி வேண்டும். ஹார்ன் முனையைச் சுற்றி மாதக்கணக்கில் வந்த மாவு எப்படி இருக்கும்? கட்டி தட்டி, வண்டு வைத்து. அதைச் சலித்து, புளிக்கவைத்து, சுட்டு, மேஜைவிரிப்பு போட்டுப் பரிமாறவேண்டும். ஏனென்றால் மேஜையே ஒரு பிரசங்கம். கிறிஸ்தவக் குடும்பம் எப்படி இருக்கும் என்று ஹவாய் மக்கள் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டுமாம். வீட்டு வேலையும் ஊழியம்தான் என்று சங்கம் ஆறுதல் சொன்னது. இந்த ஆறுதல் எத்தனை நாளைக்குத் தாங்கும் என்பதைத்தான் கிரிம்ஷா காட்டுகிறார். பள்ளிக்கூடம் நடத்த வந்த பெண், ஐந்தாவது குழந்தைக்குப் பிறகு, வாரத்தில் சில மணி நேரம் பெண்கள் கூட்டம் நடத்தினாலே பெரிய காரியம் என்று ஆகிவிடுகிறாள்.

சரி, இப்போது ஊசிக்கு வருவோம். இறங்குவதற்கு முன்பே தையல் ஆரம்பித்துவிட்டது. முதலாம் கமேஹமேஹா மன்னர் 1819 மே மாதம்தான் இறந்திருந்தார். அவருடைய மனைவியரில் ஒருவரான கலாகுவா கப்பலுக்கே வந்து, தனக்கும் இவர்களைப் போல ஒரு உடுப்பு வேண்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமை ஊசி எடுக்க மாட்டோம் என்று சொல்லி, திங்கட்கிழமை கப்பல் தளத்தில் உட்கார்ந்து எல்லோரும் தைத்தார்கள். மார்புக்குக் கீழே இடுப்பு வைத்த அன்றைய நியூ இங்கிலாந்து மோஸ்தர் ராணியின் ஆகிருதிக்கு ஒத்துவரவில்லை. தளர்த்தி, அகலமாக்கித் தைத்தார்கள். 'ஹொலொகூ' என்று பிறகு பேர் பெற்ற உடையின் மூலம் அதுதான் என்று சொல்கிறார்கள்.

வெள்ளைக்காரிகள் வந்து உள்ளூர்ப் பெண்களுக்கு அங்கி மாட்டிவிட்டார்கள் என்பது இந்தச் சம்பவத்தைப் பற்றி நாம் வழக்கமாகக் கேட்கும் விளக்கம். ஜெனிஃபர் திக்பென் 2014ல் எழுதிய 'ஐலண்ட் குவீன்ஸ் அண்ட் மிஷன் வைவ்ஸ்' இதைத் தலைகீழாகத் திருப்புகிறது. உடுப்பைக் கேட்டது ராணி. துணியும் அவருடையது. தீவில் இறங்க அனுமதி கொடுக்கலாமா வேண்டாமா என்று அரசவை யோசித்துக்கொண்டிருந்த நேரம் அது. கொடுக்கல் வாங்கல் மூலம் உறவை நிறுவுவது ஹவாய் அரசியல் முறை. கஆஹுமானு போன்ற பெண்கள் அந்த அரசியலின் நடுவில் இருந்தார்கள். ஆகவே தைத்துக் கொடுத்த மனைவியர் தங்களுக்கே தெரியாமல் ராஜதந்திர வேலை பார்த்தார்கள் என்கிறார் திக்பென். எனக்கு இது சரியாகத்தான் படுகிறது. ஒரு விஷயத்தை மட்டும் கூட்டிச் சொல்லவேண்டும்: ராணிகளுக்குத் தைப்பது ஓயவே இல்லை. ராஜதந்திரம் என்று நாம் இன்று சொல்வது, அன்று தைத்தவளுக்கு விரல் வலி.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஹவாய் அப்போது யாருடைய காலனியும் இல்லை. இறையாண்மை உள்ள அரசு. மிஷனரிகள் வந்தது அனுமதியின் பேரில். இதை மறந்து படித்தால் எல்லாமே தப்பாகப் புரியும்.

இனி என் கேள்வி. துவைத்தார்கள், சுட்டார்கள், தைத்தார்கள் என்று நானும் மேலே எழுதிக்கொண்டே வந்தேன். உண்மையில் அந்த வீடுகளில் தண்ணீர் சுமந்தது யார்? விறகு கொண்டுவந்தது யார்? மிஷன் வீடுகளில் ஹவாய் ஆட்கள் இருந்தார்கள். ஒருவர் இருவர் அல்ல, பல வீடுகளில் பலர். தலைவர்கள் அனுப்பிவைத்தவர்கள் உண்டு; எழுத்துக் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டு வந்தவர்கள் உண்டு; சோறு, துணி, படிப்பு இவற்றுக்காக இருந்தவர்கள் உண்டு. மனைவியரின் கடிதங்களில் இவர்கள் வருகிறார்கள், பெரும்பாலும் குறையாக. பாத்திரத்தை உடைத்தார்கள், சொன்னது புரியவில்லை, நினைத்த நேரத்தில் போய்விட்டார்கள் என்று. கிரிம்ஷா இதை மறைக்கவில்லை. ஆனால் அவர் வேலையாட்களைப் பற்றிப் பேசும்போதும் அது எஜமானியின் அலுப்பில் ஒரு கூறாகத்தான் வருகிறது. ஆட்களை மேய்ப்பதும் ஒரு சுமை, சரிதான். மேய்க்கப்பட்டவளுக்கு அந்த நாள் எப்படிப் போயிற்று? எண்பது பெண்களின் கையெழுத்தை வைத்து எழுதிய புத்தகத்தில், எழுதாதவர்கள் நிழலாகத்தான் இருப்பார்கள். ஆனால் ஒரு நல்ல வரலாற்றாசிரியர் நிழலின் நீளத்தையாவது அளந்து சொல்லலாம் இல்லையா?

இன்னொரு அளவும் வேண்டும். மிஷனரிக் குழந்தைகளின் சாவுகள் கடிதங்களில் உருக்கமாக வருகின்றன. சிபில் பிங்ஹம் இரண்டு கைக்குழந்தைகளைப் பறிகொடுத்தவர். அதே காலத்தில் தீவில் என்ன நடந்தது? 1832ல் மிஷனரிகளே எடுத்த கணக்கெடுப்பில் மக்கள் தொகை சுமார் 1,30,000. 1853ல் சுமார் 73,000. இருபது வருஷத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக அழிந்திருக்கிறது. தட்டம்மை, கக்குவான், இன்னும் கப்பல் கொண்டுவந்த எத்தனையோ நோய்கள். மனைவியர் ஹவாய்த் தாய்மாரைப் பிள்ளை வளர்க்கத் தெரியாதவர்கள் என்று திரும்பத் திரும்பக் குறைசொன்ன காலம் இதுதான். இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்துப் பார்க்கும் இடம் கிரிம்ஷாவின் புத்தகத்தில் எனக்குப் போதவில்லை.

இப்போது மதில். லூசி தர்ஸ்டனின் நினைவுக் குறிப்புகள் 1882ல், அவர் இறந்து ஆறு வருஷம் கழித்து, புத்தகமாக வந்தன. தலைப்புப் பக்கத்திலேயே இருக்கிறது: பொறுக்கி ஒழுங்குபடுத்தியவர் அவரே. ஆகவே எதை வைப்பது, எதை விடுவது என்பது அவருடைய முடிவு. அதில் கைலுவா வீட்டைப் பற்றி விரிவாகச் சொல்கிறார். ஐந்து ஏக்கர் வளாகம், சுற்றிலும் கல் மதில். உள்ளேயும் பிரிவுகள்: வருகிற ஹவாய் மக்களுக்கு ஒரு பகுதி, வீட்டு ஆட்களுக்கு ஒரு பகுதி, கடைசியில் தன் பிள்ளைகளுக்கு மட்டுமான முற்றம். அங்கே ஹவாய்க்காரர்கள் நுழையக்கூடாது. பிள்ளைகள் அந்த மொழியைக் கற்கக்கூடாது. காதில் விழுந்து கெட்டுப்போய்விடும் என்ற பயம். ஊரைத் திருத்த வந்தவர் ஊரின் பேச்சுப் பிள்ளைகள் காதில் விழாமல் மதில் கட்டுகிறார். இதை அவர் ஒளிக்கவில்லை. சாதனையாக எழுதுகிறார், மற்றத் தாய்மாருக்கு முன்மாதிரியாக. எனக்கு அந்தப் பகுதியைப் படிக்கும்போது கோபமும் வருகிறது, பரிதாபமும் வருகிறது. பரிதாபம் ஏனென்றால், அந்த மதிலுக்குள் அதிக நேரம் அடைந்து கிடந்தது அவர்தான்.

மதில் கட்டாதவர்கள் வேறு வழி பார்த்தார்கள்: பிள்ளைகளை அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். சிபிலின் மகள் சோஃபியா கப்பல் ஏறும்போது வயது எட்டு. பெற்றோரை மறுபடி பார்த்தபோது அவள் வளர்ந்த பெண். 1841ல் புனஹோ பள்ளி தொடங்கியதற்கு முக்கியக் காரணம் இந்தப் பிரிவுதான். மதில் கட்டிய லூசிக்கும் இது தப்பவில்லை. 1840ல் தானே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அமெரிக்கா போனார். தன் பேரையே வைத்த மகள் லூசி, நியூயார்க் போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளில், 1841ல் இறந்துபோனாள்.

இங்கே யாழ்ப்பாணம் ஞாபகம் வராமல் இருக்காது. அதே சங்கம், அதே பாஸ்டன் துறைமுகம், அதே 1819. தாடியஸ் கிளம்புவதற்கு நாலு மாதம் முன்னால், ஜூனில், 'இண்டஸ்' என்ற கப்பலில் மைரன் வின்ஸ்லோவும் மனைவி ஹாரியட்டும் கிளம்பினார்கள். வின்ஸ்லோ அகராதி என்று 1862ல் வந்ததே, அந்த வின்ஸ்லோதான். அகராதிக்காக அவரை நமக்குத் தெரியும். ஹாரியட் 1824ல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பள்ளியைத் தொடங்கி, 1833ல் அங்கேயே இறந்தார். பள்ளி இன்றும் நடக்கிறது. கைலுவாவில் லூசி ஊர்ப் பிள்ளைகளை வெளியே நிறுத்த மதில் கட்டினார் என்றால், உடுவிலில் ஊர்ப் பிள்ளைகளைத் தங்கள் வளாகத்துக்குள்ளேயே கொண்டுவந்து வைத்துக்கொண்டார்கள். இரண்டு இடத்திலும் யோசனை ஒன்றுதான்: ஊரிடமிருந்து பிள்ளையைப் பிரித்தெடு. யாருடைய பிள்ளை என்பதில்தான் வித்தியாசம். கிரிம்ஷா ஹவாயோடு நிறுத்திக்கொண்டதில் தவறில்லை. ஆனால் ஒரே சங்கத்தின் இரண்டு ஊர்களை ஒப்பிட்டு யாராவது எழுதினால், தமிழ் தெரிந்தவர் எழுதினால், எவ்வளவு நன்றாக இருக்கும்.

லூசியின் புத்தகத்தில் மிகச் சிறந்த எழுத்து எது என்று கேட்டால், மதிலைப் பற்றியது அல்ல. 1855ல் மகள் மேரிக்கு எழுதிய கடிதம். மார்பில் புற்று. அறுவை சிகிச்சை செய்தே ஆகவேண்டும். ஏற்கெனவே பக்கவாதம் வந்திருந்ததால் குளோரோஃபார்ம் கொடுக்கப் பயந்தார்கள். அறுபதை நெருங்கிய அந்த அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்து, முழு நினைவோடு, ஒரு மணி நேரத்துக்கு மேல் அதைத் தாங்கினார். ஒன்றரை மாதம் கழித்து உட்கார்ந்து அதை எழுதுகிறார், யார் எங்கே நின்றார்கள், எந்த மகள் கையில் என்ன வைத்திருந்தாள் என்பது வரைக்கும். அதற்குப் பிறகு இருபத்தொரு வருஷம் வாழ்ந்தார். வேறு எந்த இடத்திலும் போதனை செய்யும் அவருடைய பேனா, இங்கே பார்த்ததை மட்டும் சொல்கிறது. மதில் கட்டியவரும் இவரேதான். ஒருவரை வெறுத்துவிட்டு நிம்மதியாக இருக்க விடமாட்டேன் என்கிறது ஆவணம்.

மதிலிலிருந்து நேராக 1893க்குக் கோடு போடுகிறவர்கள் உண்டு. லிலியுஒகலானி ராணியைக் கவிழ்த்த கூட்டத்தின் முன்னணியில் இருந்த லோரின் தர்ஸ்டன், லூசியின் பேரன். பிள்ளைகளைப் பிரித்து வளர்த்தார்கள், பேரன் நாட்டைப் பிடுங்கினான். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த லோரின் ஹவாய் மொழி சரளமாகப் பேசியவர்! பாட்டி கட்டிய மதில் மொழி விஷயத்தில் தோற்றுத்தான் போயிருக்கிறது. மொழி தெரிந்தால் பரிவு வந்துவிடும் என்று நாம் நம்ப ஆசைப்படுகிறோம். இந்தக் குடும்பம் அதற்கு உதவாது. கரும்புத் தோட்டப் பணமும், சர்க்கரைக்கு அமெரிக்கா போட்ட வரிக் கொள்கையும், 1887ல் துப்பாக்கி முனையில் வாங்கிய அரசியல் சட்டமும் சொல்லாமல் 1893ஐச் சொல்ல முடியாது. முற்றத்து மதிலை வைத்து மட்டும் சொல்ல முடியவே முடியாது.

மேரி ஸ்வீப் எழுதிய 'பில்கிரிம் பாத்' (1991) முதல் கப்பலில் வந்த ஏழு மனைவியரோடு மட்டும் நிற்கிறது. கிரிம்ஷா எண்பது பேரைப் பொதுமைப்படுத்தும் இடத்தில், ஸ்வீப்பிடம் ஆள் ஆளாகப் பார்க்கலாம். முதலில் படிப்பவர்களுக்கு அதைத்தான் சொல்வேன்.

கடைசியாக, மனைவியாக வராத ஒருத்தி. பெட்சி ஸ்டாக்டன், 1823ல் வந்த இரண்டாவது குழுவில். கறுப்பினப் பெண். பிரின்ஸ்டன் கல்லூரித் தலைவராக இருந்த ஆஷ்பல் கிரீன் குடும்பத்தில் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர், அந்த வீட்டுப் புத்தகங்களைப் படித்தே கற்றவர். கல்யாணமாகாத பெண்ணுக்குக் கப்பல் சீட்டு கிடையாது என்றேனே, அவருக்கு எப்படிக் கிடைத்தது? ஸ்டூவர்ட் தம்பதியின் வீட்டில் உதவியாக இருக்கவேண்டும் என்று. ஆனால் வெறும் வேலைக்காரியாக நடத்தக்கூடாது, அவளும் மிஷனைச் சேர்ந்தவள் என்று எழுத்திலேயே ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். மற்றப் பெண்களின் இரண்டு வேலையும், வீட்டு வேலையும் ஊழியமும், இவருடைய ஒப்பந்தத்தில் வெளிப்படையாக இருந்தது. அவருக்கு மட்டும்தான் அது எழுதிப் போடப்பட்டது. லாஹைனாவில் அதுவரை தலைவர் குடும்பங்களுக்கே கிடைத்துவந்த எழுத்தைச் சாதாரணக் குடியானவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்க ஒரு பள்ளி நடத்தினார். இரண்டே வருஷம். 1825ல் ஹாரியட் ஸ்டூவர்ட்டுக்கு உடம்பு முடியாமல் போக, குடும்பம் ஊர் திரும்பியது. ஒப்பந்தப்படி பெட்சியும் கூடவே கப்பல் ஏறினார், பள்ளியைத் தான் பழக்கிய ஹவாய் ஆசிரியர்களிடம் விட்டுவிட்டு.